கம்பி வைத்த பாடி

விமான நிலையத்துச் சோதனைக் கருவி கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும் என்று இருந்த காலம் எனக்கும் உண்டு. அவர் உயிரோடு இருந்தவரை கழுத்தில் தாலிச் சங்கிலி, அதில் கோத்துவைத்த ஊக்குகள், கை நிறைய வளையல், கால் விரலில் மெட்டி, கொண்டையில் ஊசி. பாவம், அது கத்தாமல் என்ன செய்யும்? திரைக்குள் நிற்கும் காவலர் பெண் கைக்கருவியை ஒப்புக்கு ஒரு தடவை தடவிவிட்டு, "தாலிதானே? போங்கம்மா" என்று அனுப்பிவிடுவாள்.

அவர் போனதும் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. கழற்றியது அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அடையாறில் இருக்கிறார். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கூட்டத்துக்கு நடுவில் அதைச் செய்யக் கூடாது என்று எல்லோரிடமும் சண்டை பிடித்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தானும் அழுதுகொண்டேதான் என் வளையல்களை உருவினார். கொஞ்ச நாள் கழித்து அவரே வந்து, "சின்னதா ஒரு கறுப்புப் பொட்டு வெச்சுக்கோ. எவ என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன்" என்றார். நாங்கள் இருந்த மயிலாப்பூர் வீட்டில் இனியும் நான்தான் இருக்க வேண்டும் என்று மற்ற உறவுக்காரர்களிடம் ஒற்றை ஆளாக நின்று பேசியவரும் அவர்தான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைக் காட்டி, "என் தம்பி போனதுக்கப்புறம் எவ்ளோ அடக்கமா இருக்கா பாருங்க" என்பார். அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலூட்டும். ஆனால் அந்தப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்கிற பயமும் இருந்தது. அண்ணியின் மதிப்பு போய்விட்டால் எனக்கென்று பேச வேறு நாதி இல்லை.

இந்த அடக்கம் உடம்பிலும் தெரிய ஆரம்பித்திருந்தது போல. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தபோது எங்கள் தெருமுனைத் தையல்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாக்கா, இன்னும் அந்தப் பழைய அளவையே குடுத்துக்கினு கீறே? எல்லாம் எறங்கிப் போச்சு, பாக்கலியா நீ?" கடையில் வேறு யாரும் இல்லை என்பது நான் செய்த புண்ணியம். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். அவள் சொன்னது பொய் இல்லை. தோள் கூனி, மார்பு தளர்ந்து, இரண்டு வருடத்தில் பத்து வயது கூடியிருந்தது.

மறு சனிக்கிழமை நந்தனத்தில் வேலை முடிந்ததும் நேராக தி. நகருக்குப் போனேன். எங்கள் வீடுகளில் அதைப் பாடி என்றுதான் சொல்வோம், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். கடைப் பெண்ணோ பிரா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அடியில் வளைந்த கம்பி வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதப் போட்டுப் பாருங்கம்மா, நிமிர்ந்து நிக்கும்" என்றாள். போட்டுப் பார்த்தேன். நிமிர்ந்துதான் நின்றது, நானும் நிமிர்ந்தேன். புடவை தோளில் அழகாக விழுந்தது. எனக்கே என்னைப் பிடித்திருந்தது. பிடித்த மறு நிமிடமே வெட்கமாகிவிட்டது. யார் பார்க்க இதெல்லாம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் வாங்கிவிட்டேன். துணிக்குள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

அப்போதுதான் புனேயில் இருக்கும் அண்ணியின் மகள் வீடு வாங்கி, புதுமனை புகுவிழா வைத்தாள். அண்ணிக்கு முழங்கால் வலி, தனியாக விமானத்தில் போகப் பயம். "நீ துணைக்கு வா" என்றார். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இதுதான் முதல் விமானப் பயணம். காலையில் அந்தக் கம்பி வைத்ததையே போட்டுக்கொண்டு கிளம்பினேன். கத்துகிற கருவி என் ஞாபகத்திலேயே இல்லை. என்னிடம்தான் கழற்ற ஒன்றும் மிச்சமில்லையே.

விமான நிலையத்தில் வாசல் மாதிரி நிற்கும் சோதனைச் சட்டத்துக்குள் கால் வைத்ததும் அது கத்தியது. பின்னால் நின்ற அண்ணி, "இதென்ன கூத்து? உன் மேலதான் ஒண்ணுமே இல்லையே, எதுக்குக் கத்துது?" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு மறுபடி நடந்தேன். மறுபடியும் கத்தியது. அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

திரை போட்ட சின்னத் தடுப்புக்குள் ஏறி நின்று கையை விரித்தேன். காவலர் பெண்ணுக்கு என் அக்கா மகள் வயதுதான் இருக்கும். நம்ம ஊர்ப் பெண். வடக்கத்திப் பெண்ணாக இருந்திருந்தால் பாஷை புரியாமலாவது தப்பித்திருப்பேன். கைக்கருவி என் நெஞ்சுக்கு நேராக வந்ததும் கீச்சென்று அலறியது.

"உள்ள இன்னா மேடம் வெச்சுக்கினு கீறீங்க? சாவியா, பர்ஸா?"

"ஊக்கு" என்றேன்.

"எங்க, காட்டுங்க."

ஒரு ஊக்கும் இல்லை. திரைக்கு அடியில், பத்து விரல் தூரத்தில், அண்ணியின் செருப்புக் கால்கள் தெரிந்தன. அடுத்த ஆள் அவர்தான்.

அந்தப் பெண் கருவியை மார்புக்கு அடியில் இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு என்று ஓட்டினாள். அது இரண்டு பக்கமும் கத்தியது. விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஓ, கம்பி வெச்ச பிராவா? அத சொல்றதுக்கு இன்னாத்துக்கு மேடம் இப்டி நடுங்குறீங்க? போங்க, போங்க." அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள், என்னுடையது விமானம் ஏறியது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் உள்ளே போனார், அவருக்கும் கருவி கத்தியது. "தாலிங்களா? சரி, போங்கம்மா" என்று உடனே குரல் வந்தது.

பைகளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தோம். காபி வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த வயதில் உனக்கு எதற்கடி இதெல்லாம் என்று கேட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லியிருப்பேன். எனக்கும் வாய் இருக்கிறது. விமானத்துக்கு அழைக்கும் வரை எதிரே இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, காதோரம் குனிந்து, "பயப்படாதே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். கூனிக் குறுகிப் போனேன். அதுவரை அது ஒரு பாடி. அவர் மன்னித்த அந்த நிமிடத்திலிருந்து அது நான் செய்த தப்பாகிவிட்டது.

சொன்ன சொல்லைப் புனேயில் காப்பாற்றினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. விழா அன்று என்னைச் சமையலறைப் பக்கமாகவே வைத்துக்கொண்டார், அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் என் முந்தானை விலகும்போதெல்லாம் அவர் கண் அங்கே போய்வந்தது. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. இரண்டு நாளும் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை.

திரும்பும் நாள் காலையில் கம்பி வைத்ததையும், பெட்டியின் அடியில் கிடந்த பழைய பருத்திப் பாடியையும் கையில் வைத்துக்கொண்டு குளியலறையில் நின்றேன். கதவுக்கு வெளியே அண்ணி, "ஆச்சா? நேரமாச்சு" என்றார். பழையதையே போட்டுக்கொண்டேன். மேலே மாட்டியதும் தோள் தானாகவே பழையபடி கூனிக்கொண்டது.

புனே விமான நிலையத்தில் சட்டத்தைத் தாண்டி நடந்தேன். சத்தமே இல்லை. திரைக்குள் இருந்த பெண் கைக்கருவியை மேலிருந்து கீழே ஓட்டினாள். கழுத்து, மார்பு, கை, கால், எங்கேயும் ஒரு முனகல்கூட இல்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

அண்ணி தன் சோதனையை முடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். மனசில் இருந்த பாரம் இறங்கிய முகம். என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "சமத்து" என்றார்.

கம்பிக்காகப் பட்ட வெட்கம் எப்போதோ ஆறிப்போய்விட்டது. அந்தக் காவலர் பெண்ணை நினைத்தால் இப்போது சிரிப்புகூட வருகிறது. நாற்பத்தாறு வயதுப் பொம்பளை, அண்ணி சமத்து என்றதும் குளிர்ந்துபோய், பல் தெரியச் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.