மாமனாருக்காகத் தட்டிய மேசை

போக்கர் கிளப்பில் அவளுக்கு ‘விதிப்புத்தகம்’ என்று பட்டப்பெயர். மேசைகளை மேற்பார்வை பார்ப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருஷத்தில் சீட்டை மறைத்தவனையும் சாடை காட்டியவனையும் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். அன்று மதியம் அவள் பிராணனை வாங்கியது ஒரு நல்ல மருமகன்.

மேசையில் நாலு பேர் மிச்சம்: மாமனார், மருமகன், ஒரு நர்ஸ், ஒரு தையல்காரர். ஒருவர் வெளியேறினால் மற்ற மூவரும் இறுதிப்போட்டிக்குப் போகலாம். மாமனாரிடம் கொஞ்சம் பந்தயச் சில்லுகள்தான் இருந்தன. மற்ற இருவரும் விலகிவிட்ட ஓர் ஆட்டத்தில் கடைசிச் சீட்டு விழுந்ததும், பந்தயம் வேண்டாம் என்று மேசையைத் தட்டினார். மருமகனும் தட்டினான். சீட்டைத் திருப்பினால் அவன் கையில் நாலு ஏஸ்! மேசையில் விழுந்திருந்த சீட்டுகளை வைத்து அதை யாராலும் வெல்ல முடியாது.

நர்ஸ் எழுந்துவிட்டாள். “அக்கா, இதென்ன கூத்து? இவர் பந்தயம் கட்டியிருந்தா இவர் மாமனார் வெளியே போயிருப்பாரு!”

“ஏம்ப்பா கட்டலை?” என்றாள் விதிப்புத்தகம்.

“மாமாவை எப்படிங்க...” மருமகன் தலையைச் சொறிந்தான்.

“நான் என்ன பால்குடிப் பிள்ளையா?” மாமனார் பொரிந்தார். “மானத்தை வாங்காதீங்க மாப்ள!”

தோற்காத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி ஆளாகப் பந்தயம் கட்டாமல் விட்டால் ஒரு சுற்று வெளியே. விதி அப்படி. மருமகனை எழுப்பி விட்டாள். அவன் சுவரோரம் நின்றிருந்த அந்தச் சுற்றிலேயே, தப்பிப் பிழைத்த மாமனார் நர்ஸை இரண்டு ஆட்டத்தில் தோற்கடித்து வெளியே அனுப்பிவிட்டார்.

விதிப்புத்தகத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தப்பு செய்தவன் உள்ளே, செய்யாதவள் வெளியே!

“புகார் எழுதுங்க அக்கா,” என்றாள் நர்ஸ்.

படிவத்தில் ஒரே கேள்விதான் முக்கியம்: இருவரும் பேசிவைத்து ஆடினார்களா? ‘ஆம்’ என்றால் இருவரும் நீக்கம், நர்ஸுக்கு இடம்.

“பேசிவைக்கிறதா?” மாமனார் குதித்தார். “கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, இவர் எங்கிட்ட நாலு வார்த்தை பேசினதில்லை!”

அதுவும் நிஜம்தான். பேசிவைக்கவில்லை, சாடையில்லை, பங்கில்லை. வெறும் மரியாதை. அந்த மரியாதைக்கு நர்ஸின் இடம் பலியாகிவிட்டது. போன வாரம் நாத்தனாரோடு கேரம் ஆடியபோது, குழிக்குப் பக்கத்திலிருந்த சிவப்புக் காயை வேண்டுமென்றே தவறவிட்டவள்தான் விதிப்புத்தகமும். அதற்கு யார் படிவம் நீட்டினார்கள்?

பேனா ‘ஆம்’ பக்கம் போய் நின்றது. நியாயம் அங்கே இருந்தது. நிஜம்தான் இல்லை.

‘இல்லை’ என்று குறித்தாள்.

நர்ஸ் அதைப் பார்த்தாள். “அப்போ தப்பு நடந்ததுங்கிறீங்க, ஆனா செய்தவங்க யாருமில்லை. அப்படித்தானே அக்கா?”

“அப்படித்தாம்மா.”

“நல்லா இருக்கு உங்க விதி,” என்று பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.