என்னைக் குற்றாலம் வரை நடக்க விடாத பஸ்

திருச்செந்தூர் பாதயாத்திரைக்கு இந்த வருஷம் நானும் பேர் கொடுத்திருக்கிறேன். அறுபது தாண்டியவர்கள் முதலில் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை நடந்து காட்டினால்தான் சேர்ப்போம் என்று குழுத் தலைவர் அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

இன்று காலை செருப்பில்லாமல் கிளம்பினேன்.

மேலகரம்கூடத் தாண்டவில்லை, ஓசி பஸ் தானாக வந்து என் பக்கத்தில் நின்றது.

"ஏறுங்க ஆச்சி" என்றார் கண்டக்டர்.

"நான் நடந்து பழகுதேன்யா. நீங்க போங்க."

"பொம்பளையளுக்கு டிக்கெட்டே கிடையாது. பெறவு எதுக்கு நடக்கிய?"

ஜன்னலோரம் இருந்த அம்மாள், "வீட்டுல சண்டை போட்டுட்டு வாராவ போல, பாவம்" என்றாள்.

அவ்வளவுதான். இரண்டு பெண்கள் இறங்கி வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை ஏற்றிவிட்டார்கள். ஒருத்தி முறுக்கைக் கொடுத்து, "மருமவளா, மவனா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

என் மருமகள் தங்கமானவள். "அவதான் காலுக்கு எண்ணெய் தேய்ச்சு அனுப்புனா" என்றேன். பஸ்ஸில் ஒருத்தரும் நம்பவில்லை.

நான் குற்றாலத்தில் இறங்கும்போது அண்ணாச்சி எதிரிலேயே நின்றார்.

"ஆச்சி, இதுக்குப் பேரு பாதயாத்திரையா? நாளைக்கு ஒரு தடவை பாப்பேன். பஸ்ல வந்தியன்னா பேரை அடிச்சிருவேன்."

நடந்து பழகும் வயதானவர்களே, முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ரோட்டில் போகிறவர்களைத்தான் சமாளிக்க முடியாது.

நாளைக் காலை ஆறு மணிக்கு அதே ரோட்டில் வருவேன். என்னைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். சம்மதம் என்பவர்கள் கீழே எழுதுங்கள்.