கறி போடக் கூடாது

பயன்பாட்டு ஆராய்ச்சி என்று ஒரு தொழில் இருக்கிறது. அதில் பயன் ஊருக்கு, பாடு நமக்கு. இதில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? ஆய்வுக்கூடத்தில் சமர்த்தாக ஓடிய மெஷின் கடைக்குப் போனதும் மக்கர் செய்யும். கணினியில் வந்த விடை வாளிக்குள் வராது. பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷபெல் பக்கம் நான் பட்ட பாட்டில் சிலவற்றைச் சொல்கிறேன், கேட்டு ஆறுதல் அடையுங்கள்.

மூன்று துறை, ஒரு வாளி

எங்கள் திட்டத்துக்கு மூன்று தலை. முதல் தலை இயந்திரம்: காய்கறித் தோலையும் அழுகலையும் அரைத்து, சூடாக்கி, புரட்டி, சில வாரங்களில் உரமாக்கும் ஒரு பெட்டி. அது என் பொறுப்பு. கோயமுத்தூரில் கிரைண்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் என்பதால் அரைப்பது என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டாவது தலை மரபணு: அந்த உரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, அதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று மரபணு வரிசையைக் கணினியில் படித்துச் சொல்வது. அது க்ளேர் என்ற பிரெஞ்சுக்காரியின் வேலை. உரத்தை அவள் மோந்து பார்த்ததே கிடையாது; அவளுக்கு எல்லாம் திரையில் எழுத்தாகத்தான் வரும். மூன்றாவது தலை, பூமியைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி என்று மக்களுக்குக் கற்பிப்பது. அதற்கு ஆள் போட மறந்துவிட்டார்கள். ஆகவே அதுவும் நான்.

பெட்டியை வைக்க அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் ராணி அக்கா இடம் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; இடியப்பமும் கொத்து ரொட்டியும் விற்கும் சாப்பாட்டுக் கடை. பின்முற்றத்தில் குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே பெட்டியை இறக்கி, நட்டு முடுக்கி, நான் நிமிர்ந்தபோது அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். குப்பைத்தொட்டிக்கு அங்கே எல்லோரும் பிரெஞ்சு வார்த்தையைத்தான் சொல்வார்கள். “இவ்வளவு படிச்சுப்போட்டு எங்கடை பூபெலைக் கிண்டவோ தங்கச்சி பாரிசுக்கு வந்தனீங்கள்?”

பேசினேன்

பெட்டியை நடத்தும் வேலை பிலிப்பு அண்ணையிடம் வந்தது. மன்னார்க்காரர், ஐம்பது வயது இருக்கும், சமையலறையில் வெட்டுவதும் கழுவுவதும் அவர்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். முதல் நாள் அவர் என்னிடம் சொன்ன ஒரே சங்கதி இதுதான்: பிரான்சில் தங்குவதற்கான விசா கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார், இன்னும் சில மாதங்களில் பிரிஃபெக்சர் என்ற அரசு அலுவலகத்தில் நாள் கொடுத்திருக்கிறார்கள், அதுவரை சம்பளச் சீட்டு ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது. வேலை போனால் கார்டும் போச்சு.

அப்போது நான் பாரிஸுக்கு வந்து கொஞ்ச நாள்தான். மூடியைத் திறப்பது, மூடுவது எல்லாம் அவருக்குக் காட்டிவிட்டு வெளியே வந்து, “பிலிப்பு அண்ணாகிட்ட நல்லா பேசிட்டேங்க்கா” என்றேன். அக்காவின் முகம் மாறியது. “ஏன் அவருக்குப் பேசினனீங்கள்? என்ன பிழை விட்டவர்?” என்றார். அவர்கள் தமிழில் பேசுவது என்றால் திட்டுவது; நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். இதை நான் தெரிந்துகொண்டு சமாளிப்பதற்குள் அண்ணை ஈரக் கையோடு வந்து, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது.

இனி வாய்ப்பேச்சே வேண்டாம், எழுதி ஒட்டிவிடுவோம், எழுத்தில் குழப்பம் வராது என்று முடிவு செய்தேன். ஆடு, கோழி, மீன் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. போனால் அந்த உரத்தை, நாங்கள் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளின் தோட்டத்தில் போட எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் ‘கறி போடக் கூடாது’ என்று எழுதி மூடியில் ஒட்டினேன். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு தடவை படித்தார். “வடிவா எழுதியிருக்கிறியள் தங்கச்சி. எனக்கு நல்லா விளங்குது.”

மிச்சம்

மூன்றாவது தலைக்காகச் சனிக்கிழமைகளில் புறநகரான பியர்ஃபித்துக்கு ரயிலேறுவேன். அங்கே ஒரு தமிழ் வகுப்பில், சாப்பாட்டை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று பாடம். வகுப்புக்குப் பின்னால் காலி மரத்தொட்டிகள் வரிசையாக இருந்தன. எங்கள் உரம் வந்ததும் அதில் கீரை போடுவதாக ஏற்பாடு.

முதல் வகுப்பில் படம் காட்டிவிட்டு, “வீட்டுல மீந்துபோன சாப்பாட்டை என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். பதில் பிரெஞ்சில் வந்தது. அப்பா மறுநாள் வேலைக்குக் கொண்டுபோவார் என்றாள் ஒருத்தி. அம்மா அதை ரொட்டிக்குள் வைத்துச் சுட்டுத் தருவாள் என்றாள் இன்னொருத்தி. வகுப்பு முழுக்க விசாரித்தும் ஒரு பருக்கையை வீணாக்கும் வீடு அகப்படவில்லை. திருந்துவதற்கு ஆள் இல்லாமல் என் பாடம் அந்தரத்தில் நின்றது. மகளைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “இதைப் பெரிய பள்ளிக்கூடத்துக் கன்ரீன்காரருக்குப் போய்ச் சொல்லுங்கோ ரீச்சர். அங்கைதான் அள்ளிக் கொட்டுகினம்.”

கத்தரிக்காய்க்குக் கொம்பு

இரண்டாம் மாதம் பெட்டி கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் வெட்டும் கத்தியில் இரண்டு பல் போயிருந்தது. வெண்டைக்காய்க்கெல்லாம் உடைகிற கத்தி இல்லை அது. உள்ளே எல்லாம் அரைபட்டுக் கூழாகக் கிடந்ததால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு சிட்டிகையைக் குப்பியில் அடைத்து க்ளேருக்கு அனுப்பினேன். அவள் மரபணு வரிசையைப் படித்ததில் ஆடு வந்தது, கோழி வந்தது, சூரை மீனும் வந்தது. தன் நிரலில்தான் கோளாறு என்று பாவம் அவள் இரண்டு நாள் உட்கார்ந்து தேடியிருக்கிறாள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எது கெட்டாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தவறு எங்கே என்பதற்கு அதில் மூன்று கட்டம்: இயந்திரம், மாதிரி, பயனர். நான் இரண்டு நிமிடம்கூட யோசிக்காமல் ‘பயனர்’ கட்டத்தில் குறி போட்டு, வழக்கப்படி ஒரு பிரதியை ராணி அக்காவுக்கும் அனுப்பினேன். எழுதி ஒட்டியும் ஒருவர் கேட்கவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. க்ளேர் போனில் மிக அமைதியாகச் சொன்னாள்: “கவிதா, உன் கத்தரிக்காய்க்குக் கொம்பு முளைத்திருக்கிறது.”

கழுவின எலும்பு

பிரதி கிடைத்த மறுநாள் ராணி அக்கா கூப்பிட்டார். பிலிப்பு அண்ணையை இந்த மாதத்தோடு நிறுத்தப்போவதாகச் சொன்னார். சொன்னதைக் கேட்காத ஆளைச் சமையலறையில் வைத்துக்கொண்டு, சுகாதார அதிகாரிகள் வந்தால் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரிஃபெக்சரில் கொடுத்த நாளுக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரு குறி போட்டதற்கு ஒரு மனிதரின் கார்டே போய்விடும் என்று நான் நினைக்கவில்லை.

உடனே கிளம்பிப் போனேன். பின்முற்றத்துக் குழாயடியில் அண்ணை வெந்நீரைத் திறந்துவிட்டு, ஒரு பெரிய வடிதட்டில் ஆட்டெலும்புகளைப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சுத்தமானதைப் பெட்டிக்குள் போட்டார். “அண்ணா, என்ன பண்றீங்க?” என்றேன். அவர் மூடியில் இருந்த அட்டையைக் காட்டினார். “கறி போடக் கூடாதெண்டு எழுதியிருக்கிறியள்தானே. அதுதான் எலும்பிலை ஒட்டின கறியைக் கழுவிப்போட்டுப் போடுறன்.”

இப்போது விளங்கியிருக்கும் உங்களுக்கு. எங்கள் ஊரில் கறி என்றால் ஆடு, கோழி. கறிக்கடை என்றால் அவற்றை வெட்டி விற்கும் கடை. அவருக்கோ சோற்றோடு சேர்த்துச் சாப்பிடச் சமைத்த எதுவும் கறி. கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி. நாம் கறி என்பதை அவர்கள் இறைச்சி என்பார்கள். அட்டையில் நானும் முதலில் இறைச்சி என்றுதான் எழுதப்போனேன். அது புத்தக வார்த்தை, பேச்சுவழக்கில் எழுதினால்தான் மக்களுக்குப் புரியும் என்று எனக்கு நானே கல்வி புகட்டிக்கொண்டு மாற்றினேன். அதுவும் காய்கறி அடைத்த, அக்கா கடையின் மரக்கறி ரொட்டியைத் தின்றுகொண்டே எழுதினேன், மண்டையில் உறைக்கவில்லை. பச்சையாக இருந்த கோழித்தோலையும் மீன்தலையையும் அவர் அப்படியே போட்டிருக்கிறார். சமைத்த எலும்பை மட்டும், என் எழுத்துக்கு மரியாதை கொடுத்து, இரண்டு மாதமாகக் கழுவியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராணி அக்காவிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பேப்பரிலை அவரின்ரை பிழையெண்டு எழுதினனீங்கள். பேப்பரிலையே மாத்தி எழுதித் தாங்கோ” என்றார். ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, ‘பயனர்’ கட்டத்தில் இருந்த குறியை அடித்தேன். வேறு எதில் போடுவது? பேனாவால் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் ‘ஆய்வாளர்’ என்று எழுதி, அதில் குறி போட்டுக் கையெழுத்து வைத்தேன். உரம் முழுவதும் எரிக்கப் போனது. பியர்ஃபித் தொட்டிகள் அந்த வருடம் காலியாகவே கிடந்தன. என் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டுவதாக இருந்தார்கள், அது ஆறு மாத நீட்டிப்பாகச் சுருங்கியது. வருத்தம்தான், ஆனால் அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

பிலிப்பு அண்ணை வேலையில் இருந்தார். கொடுத்த நாளில், ஒரு மாதமும் விடுபடாத சம்பளச் சீட்டுகளோடு பிரிஃபெக்சருக்குப் போனார். திரும்பி நேரே பின்முற்றத்துக்கு வந்து, அவர்கள் தந்த கடிதத்தை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, கார்டு கைக்கு வரும்வரை இந்தக் கடிதமே செல்லும் என்று வாசித்துத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ‘இறைச்சி, எலும்பு, மீன் போடக் கூடாது’ என்று மூடியில் நான் ஒட்டியிருந்த புது அட்டையை நிதானமாகப் படித்தார். “அப்ப தங்கச்சி, இனிக் கறி போடலாம் என்ன?”

அந்தப் படிவத்தின் புதுப் பதிப்பில் நாலாவது கட்டத்தை அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். மூன்று துறை கூடி நடத்திய எங்கள் ஆராய்ச்சியில் இன்றுவரை யாரும் மறுக்காத கண்டுபிடிப்பு அது ஒன்றுதான்.