கற்பூரம் அணைத்து விற்ற டயர்

ரப்பர் வந்துகொண்டிருந்த மலேயாவை ஜப்பான்காரன் பிடித்தாலும் பிடித்தான், திண்டிவனத்தில் டயர் என்பது தங்கமாகிவிட்டது. புது டயருக்குப் பர்மிட் வேண்டும். என்னைப் போல் ஓட்டைக் காரை வைத்துக்கொண்டு வாடகை ஓட்டுகிறவனுக்கு எவன் கொடுப்பான்? ஊரில் ஒரு கண்டிராக்டர் தன் காரை விற்றுவிட்டு, டயர் ஒன்றை மட்டும் மாட்டுக்கொட்டகையில் தொங்கவிட்டிருந்தார். அதைக் கேட்டுப் போனேன்.

உள்பக்கத்தைப் பிரித்துப் பார்க்கக் குனிந்தபோது அவர் முகம் சுளித்தார். "இன்னாப்பா, என்மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டுவிட்டு, உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றினார். "மயிலம் முருகன் சத்தியமா சொல்றேன், இந்த டயர்ல நான் ஒரு ஒட்டும் போட்டதில்ல." சொல்லிவிட்டு மறுகையால் அதை அடித்து அணைத்தார்.

கற்பூரம் அணைத்த பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் பொருளைச் சோதிக்க மாட்டார்கள். சந்தையில் மாட்டின் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் சாமியையே சந்தேகப்பட்ட மாதிரி. கும்பிட்டுவிட்டு டயரை உருட்டிக்கொண்டு வந்து காரில் மாட்டினேன்.

அந்த வாரமே விழுப்புரத்தில் எங்களுக்குத் தெரிந்த ரயில்வே போர்ட்டர் ஒருவர் என் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். அவன் போகிற ரயில் மறுநாள் உச்சிவேளையில் விழுப்புரம் ஜங்ஷனில் அரைமணி நின்று, காட்பாடிப் பக்கம் திரும்பிவிடுமாம். அப்புறம் கப்பல்தான்.

அக்கா ராத்திரியே வேர்க்கடலையை வறுத்து மல்லாட்டை உருண்டை பிடித்துத் தூக்குச்சட்டியில் அடைத்தாள். காலையில் என் காரில் கிளம்பினோம். வழியெல்லாம், "கொஞ்சம் ஜல்தியா ஓட்டேன்டா" என்று நச்சரித்துக்கொண்டே வந்தாள்.

மயிலம் கூட்டு ரோட்டைத் தாண்டியதும் கண்டிராக்டர் கொடுத்த டயர் படார் என்று வெடித்தது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். அதன்மேல் வேறொரு டயர்த் துண்டை வைத்து ஒட்டி, வெளியே கரி மசியைப் பூசியிருந்தார்கள். மாற்று டயருக்கு நான் எங்கே போவேன்? திரும்பினால் மயிலம் மலை தெரிந்தது. "முருகா, உன் பேரைச் சொல்லித்தானே வித்தான், பாவி!" என்று கத்தினேன். மலை என்ன செய்யும்?

மிலிட்டரி லாரிகள் வரிசையாகப் போயின. நடுரோட்டில் நின்று கைகாட்டினேன். ஒலி எழுப்பி ஒதுக்கிவிட்டுப் போனார்கள். கரி வாயுவில் ஓடும் பஸ் ஒன்று படிவரை ஆளோடு வந்தது, நிற்கவில்லை. அக்கா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "மணி இன்னாடா ஆவுது?" என்று கேட்டாள். வெயில் தலைக்கு நேராக வந்துவிட்டது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

கடைசியில் விழுப்புரத்துக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போன மாட்டுவண்டி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. பொழுது சாய்ந்துதான் ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிளாட்பாரம் காலியாகக் கிடந்தது. அந்தப் போர்ட்டர் ஓடி வந்தார்.

"இப்போ வர்றீங்களேம்மா! புள்ள கீழ எறங்காம வாசப்படியிலயே நின்னுக்கினு இருந்துச்சு. வண்டி கிளம்பறப்பகூட, எங்க மாமா அம்மாவ கார்ல இட்டுக்கினு வந்துடும்னு சொல்லிச்சு."

அக்கா உருண்டைத் தூக்கை அவர் கையில் கொடுத்து, "உங்க புள்ளைங்களுக்குக் குடுங்க" என்றாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் கண்டிராக்டரின் சட்டையைப் பிடித்தேன். அவர் பதறவேயில்லை. "நான் ஒட்டுப் போடலன்னுதானே சத்தியம் பண்ணேன்? காரை எனக்கு வித்தவன் போட்டது அது." பிடித்த சட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டு வந்தேன்.

சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். அக்கா மகன் வரவில்லை. எனக்கும் பிறகு பர்மிட் கிடைத்து நாலு சக்கரத்துக்கும் புது டயர் போட்டேன். அக்காவை வழியில் பார்த்தால் நிறுத்திக் கூப்பிடுவேன். கோபமே இல்லாமல் சொல்வாள்:

"நீ போடா. நான் நடந்தே வர்றேன். அன்னிக்கும் நடந்தே போயிருக்கணும், மொத நாள் ராத்திரியே கிளம்பியிருந்தா புள்ளயப் பாத்திருப்பேன்."