கவரோடு நட்ட கன்றுகள்

எங்கள் பள்ளி டிரில் மாஸ்டருக்கு விசில் ஊதியதும் வேலை முடிந்திருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன், மரம் நடும் நாளில், நாற்பது கன்றுகளையும் கறுப்பு பிளாஸ்டிக் கவரோடு குழியில் இறக்கச் சொன்னார்.

"சார், கவரைக் கிழிக்க வேணாமா?" என்றாள் ஒரு மாணவி.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? போட்டோகிராபர் நிக்கிறார், நடு!"

அவள் கிழித்துத்தான் நட்டாள். கவரை மறுசுழற்சித் தொட்டியில் போட்டாள். சொல்பேச்சு கேட்காததற்கு மதியம்வரை வெயிலில் நின்றாள். ஆசிரியர்கள் நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

வேர் விட இடமில்லாமல் மற்றவையெல்லாம் பட்டுப்போயின. பிழைத்தது அவள் மரம் ஒன்றுதான்.

அவர் ஓய்வுபெற்ற அன்று அந்த நிழலில்தான் நாற்காலி போட்டோம்.

"வேணாம்பா," என்றார். "நான் வெயில்லயே நிக்கிறேன்."