வாசலில் நின்று சொன்ன ஆமென்

நாங்கள் குடியிருந்த கோர்படியில், மாடி வீட்டு அக்காவிடம் மட்டும்தான், கணவன் என் முதுகில் இஸ்திரிப்பெட்டியால் சுட்டதைச் சொல்லியிருந்தேன். நான் இந்து; அக்கா வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போனது, யாரும் அதட்டாத ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

ஒருநாள் ஜெபத்தில் அக்கா கண்ணை மூடி, "ஆண்டவரே, புருஷன் சுட்ட இந்தத் தங்கச்சியோட முதுகைத் தொட்டு சுகமாக்குங்கப்பா" என்று எல்லோர் முன்னும் மன்றாடினார். என்னைக் கூட்டிப்போக வந்த கணவன் வாசலில் நின்றதை அவர் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முந்தி அவன்தான் "ஆமென்" சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைச் சொருகினான். "உன் ஆண்டவருக்கு இன்னும் கொஞ்சம் வேலை குடுப்போம்."

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். அக்கா கண்ணை மூடுவதற்குள் சொன்னேன்: "இன்னிக்கு அவன் பேரைச் சொல்லியே ஜெபம் பண்ணுங்கக்கா. கதவு திறந்தே இருக்கட்டும்."