குளிர் அறியாதவன் கட்டிய வண்டி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால், காயலை ஒட்டியிருந்தது நல்லசிவத்தின் பட்டறை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்துவிட்டவர். படகு இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவது தொழில். வைப்பின் தீவுப் படகுக்காரர்கள் இஞ்சின் மக்கர் பண்ணினால் வேறு இடம் தேட மாட்டார்கள்.

அவருடைய ஒரே தம்பி முப்பிடாதி, மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டினான். வயலில் உழுகிற பெரிய டிராக்டர் இல்லை. இடுப்பு உயரத்துக்கு இருக்கும் சின்ன வண்டி. பறித்த கொழுந்தை மூட்டைகளாக ஏற்றி ஃபாக்டரிக்கு இழுத்து வரும். அந்த மலைக்கு நல்லசிவம் ஒரு தடவைகூடப் போனதில்லை. எப்போதும் தம்பிதான் இறங்கி வருவான்.

1978-ல் மழைக்காலம் முடிந்த சமயம், அந்த டிராக்டரின் பெட்ரோல் இஞ்சின் ஒரேயடியாக நின்றுபோனது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் எஸ்டேட் சூப்பிரண்டு. வண்டி போனால் டிரைவர் வேலையும் போகும். தன் அண்ணன் டீசல் இஞ்சின் வைத்துக் கொடுப்பார் என்று முப்பிடாதி கெஞ்சிக் கூத்தாடி, தேயிலைப் பெட்டிகளோடு கொச்சித் துறைமுகத்து ஐலண்டுக்கு வந்த லாரியில் அதையும் ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து இறங்கினான். இறங்கும்போதே இருமினான்.

"இந்த இருமல் எப்பயிருந்துலே?"

"மலையில எல்லாருக்கும் உள்ளதுதாண்ணே. காலையில வண்டியை எடுக்கையில புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி பனி கிடக்கும். ஸ்டியரிங்கைப் பிடிச்ச விரலு அப்புறம் விரியவே செய்யாது."

நல்லசிவத்துக்கு அதை நினைத்துப் பார்க்க வரவில்லை. மார்கழியிலும் சட்டையில்லாமல் வேலை செய்கிறவர் அவர். ஆனால் தம்பியின் விரல்கள் வெடித்துக் கறுத்திருந்ததைப் பார்த்தார். இஞ்சின் மட்டும் மாற்றினால் போதாது, சுற்றிலும் அடைத்து, உள்ளே சூடு வருகிற மாதிரி ஒரு கேபின் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

காயல் கடலில் சேரும் அழிமுகத்துப் பாறையில் மோதி உடைந்த படகு ஒன்றின் இஞ்சின், மரக்கடை முகமது இஸ்மாயிலிடம் சும்மா கிடந்தது. அது கிடைத்தது. பழைய இஞ்சின் காற்றிலேயே ஆறுகிற வகை. இதற்குத் தண்ணீர் வேண்டும். நல்லசிவம் ஒரு பழைய காரின் ரேடியேட்டரை முன்னால் பொருத்தினார். இஞ்சினின் கனம் தாங்க அடியில் குறுக்கு இரும்பு வைத்து வெல்டிங் பண்ணினார். உடைத்த வேன் ஒன்றின் தகடும் கண்ணாடியும் கேபின் ஆயின. இஞ்சினில் கொதிக்கிற தண்ணீரைச் செம்புக் குழாய் வழியாக டிரைவரின் காலடியில் சுற்றவிட்டார்.

இஸ்மாயில் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எடோ, கொச்சியில ஜனங்க உஷ்ணம் தாங்காம வாசல்ல படுக்குது. நீ சூடு வர்றதுக்கு வண்டி பண்ணுறியா? நினக்குப் பிராந்துண்டோ, பைத்தியமா?"

ஓட்டிப் பார்த்த அன்று கிடங்கில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் கூடி நின்று சிரித்தார்கள். முப்பிடாதி கதவைச் சாத்திக்கொண்டு ஃபோர்ட் கொச்சி வரை போய்த் திரும்பி வந்தான். வேர்வையில் முழுக்க நனைந்திருந்தும் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"நெஞ்சுல ஒத்தடம் கொடுத்தாப்ல இருக்குண்ணே" என்றான். நல்லசிவம் தன் வாழ்நாளில் செய்த எந்த வேலைக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அடுத்த ஓணத்துக்கு முப்பிடாதி வந்தபோது பாதி ஆளாக இருந்தான். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார்.

"ஓடுதுண்ணே. எல்லாரும் கண்ணு வைக்கிறாங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான்.

தை மாதம், தேயிலை லாரி டிரைவர் பிச்சை பட்டறைக்குள் வந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நல்லசிவம் அவருடைய லாரியிலேயே ஏறினார். போய்ச் சேர்வதற்குள் தம்பியைப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றபோது அவருக்குப் பல் கிட்டியது. காது மடல் எரிந்தது. தீப்பெட்டியைத் திறக்க விரல் வளையவில்லை. இந்தக் குளிருக்குள்தான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறான் என்று நினைத்தார்.

"வண்டி எங்க?" என்று கேட்டார்.

பிச்சைதான் ஃபாக்டரிக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குக் கூட்டிப்போனார். சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. இஞ்சினின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு.

"இங்க ராத்திரி தண்ணியை வடிச்சிரணும் அண்ணாச்சி. இல்லைன்னா உறைஞ்சு இரும்பையே பிளந்திரும். அவனும் ரேடியேட்டரை வடிக்கத்தான் செஞ்சான். இஞ்சினுக்குள்ள நிக்கிற தண்ணி போறதுக்குத்தான் வழியில்ல."

நல்லசிவம் குனிந்து பார்த்தார். வடிகால் திருகு இருந்த இடத்தின் மேல்தான் அவர் குறுக்கு இரும்பை வைத்து வெல்டிங் பண்ணியிருந்தார். தண்ணீர் உறையும் என்பதே கொச்சியில் அவர் யோசனைக்கு வரவில்லை.

வண்டி மலைக்கு வந்த முதல் தையிலேயே இஞ்சின் வெடித்துவிட்டதாம். சூப்பிரண்டு முப்பிடாதியை மருந்து தெளிக்கிற வேலைக்கு மாற்றினார். முதுகில் மருந்து டின்னைச் சுமந்து, பனியில் நனைந்து, ஒரு வருஷம் நடந்தான். அந்த இருமலிலேயே போய்விட்டான்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று தம்பி மனைவி மாடத்தியிடம் கேட்டார்.

"அண்ணன் ஆசையா செஞ்சு கொடுத்தாரு, தெரிஞ்சா அவருக்குச் சோறு இறங்காதுன்னு என் வாயையும் அடைச்சிட்டாரு."

"பிள்ளைகளைக் கூட்டிட்டு மட்டாஞ்சேரிக்கு வந்திரும்மா. நான் பார்த்துக்கிடுதேன்."

மாடத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்த வண்டி வராம இருந்திருந்தா, வேலை போயிருக்கும். ஊருக்குப் போய்க் கூலி வேலை பார்த்தாவது வெயில்ல இருந்திருப்பாரு. நான் வரலை அத்தான். கொழுந்து பறிச்சுப் பிள்ளைகளை வளர்த்துக்கிடுதேன்."

அவர் அன்றைக்கே பிச்சையின் லாரியில் கொச்சிக்கு இறங்கினார்.

மாசியில் வேறொரு இஞ்சினோடு தனியாக மலை ஏறினார். அந்தக் கொட்டகையிலேயே தங்கி, குறுக்கு இரும்பை அறுத்து, திருகைத் திறக்க வழி விட்டுப் பூட்டினார். மாடத்தி மகளிடம் கஞ்சி கொடுத்தனுப்பினாள், தான் வரவில்லை. வண்டியை வேறொரு டிரைவரிடம் கொடுத்தார்கள். அது பல பனிக்காலம் ஓடியது.

எண்பத்தாறில் மாடத்தியின் மூத்த மகளுக்கு எஸ்டேட் கோயிலில் கல்யாணம். மாடத்தி பிச்சையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். நல்லசிவம் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டி முடிந்ததும் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மாடத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க அத்தான்" என்றாள்.

அவர் பந்தியில் போய் உட்கார்ந்தார்.